நல்ல கொழுப்பு ஏன் குறைகிறது?



சபை வளாகத்தில் நடந்த மருத்துவ முகாமிலோ, வேலை செய்யும் கம்பெனியின் வருடாந்தரப் பரிசோதனையிலோ எடுத்த இரத்தப் பரிசோதனைத் தாள் ஒன்று உங்கள் வீட்டில் எங்காவது இருக்கும். வேதாகமத்துக்குள்ளேயே மடித்து வைத்திருப்பவர்களும் உண்டு. தயவுசெய்து அதை எடுத்து அருகில் வைத்துக்கொண்டு இக்கட்டுரையை வாசியுங்கள். ‘லிப்பிட் புரொஃபைல்’ என்ற தலைப்பின்கீழ் நான்கைந்து வரிகள் இருக்கும். அவற்றைப் பற்றியே பேசப்போகிறோம்.

உதாரணமாக, நாற்பத்தைந்து வயதுள்ள ஒரு சகோதரரின் தாள் இப்படி இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம்: மொத்தக் கொலஸ்ட்ரால் 178. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். 94. நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். 31. டிரைகிளிசரைடு 265. (இவை ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு.) மொத்தம் இருநூறுக்குள் இருக்கிறது, கெட்டது நூறுக்குள் இருக்கிறது என்று அவர் ஸ்தோத்திரம் செலுத்துகிறார். நல்ல கொழுப்பு மட்டும் குறைவு என்பதால், அதைக் கூட்ட என்ன சாப்பிடலாம் என்று நாலு பேரிடம் கேட்கிறார். ஒருவர் பாதாம் என்கிறார், ஒருவர் பூண்டு என்கிறார், மூன்றாமவர் விலையுயர்ந்த ஒலிவ எண்ணெய் என்கிறார். 265 என்ற எண்ணைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

பிரியமானவர்களே, இத்தகைய தாளில் அந்த 31 பெரும்பாலும் தனியான ஒரு வியாதி அல்ல. அந்த 265-இன் நிழல். நிழலை நிமிர்த்த முயன்று பயனில்லை. இது எப்படி என்பதை விளங்கிக்கொண்டால், பாதாமுக்குச் செலவழிக்கும் பணம் மிச்சமாகும். அதைவிட முக்கியமாக, 94 என்ற எண்ணைப் பார்த்து வருகிற பொய்யான நிம்மதியும் நீங்கும்.

இரத்தத்தில் ஓடும் சரக்கு வண்டிகள்

கொழுப்பு தண்ணீரில் கரையாது. இரத்தமோ பெரும்பாலும் தண்ணீர். ஆகையால் நமது கல்லீரல் கொழுப்பை அப்படியே இரத்தத்தில் விடுவதில்லை. புரதம் சேர்ந்த மெல்லிய உறைக்குள் அடைத்து, கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாக்கி அனுப்புகிறது. டிரைகிளிசரைடு என்பது சரீரத்தின் எரிபொருள். அதை நிறைய ஏற்றிக்கொண்டு கல்லீரலிலிருந்து புறப்படும் பெரிய உருண்டைக்கு வி.எல்.டி.எல். என்று பெயர். அதைச் சரக்கு லாரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். தசைகளிலும் கொழுப்புத் திசுக்களிலும் சரக்கை இறக்கியபின், இந்த லாரிகளில் ஒரு பகுதி எல்.டி.எல். ஆக மாறி இரத்தத்தில் சுற்றுகிறது.

எச்.டி.எல். இவை எல்லாவற்றிலும் சிறியது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் அதில் ஏறக்குறைய பத்துப் பங்குதான் அதன் அகலம். ஏப்போ ஏ-1 என்ற புரதம் அதற்கு முதுகெலும்பு போன்றது. இரத்தக் குழாயின் சுவரில் தங்கிவிட்ட உபரிக் கொலஸ்ட்ராலை வாங்கிக்கொண்டு கல்லீரலுக்குத் திருப்புவது அதன் வேலைகளில் ஒன்று. ‘நல்ல’ என்ற பட்டம் அதனால் வந்தது.

இப்போது கவனியுங்கள். இரத்தத்தில் சி.இ.டி.பி. என்ற புரதம் ஒன்று உண்டு. அதன் தொழில் தரகு. ஒரு வண்டியிலிருந்து சரக்கை எடுத்து மற்றொரு வண்டியில் ஏற்றி, அங்கிருப்பதை இங்கே மாற்றுவது. டிரைகிளிசரைடு நிறைந்த லாரிகள் அளவோடு ஓடும்போது இந்தத் தரகு வேலையும் அளவோடு நடக்கும். லாரிகள் பெருகி நெரிசல் உண்டாகும்போதோ, தரகர் ஓய்வில்லாமல் வேலை செய்கிறார். எச்.டி.எல். வைத்திருந்த கொலஸ்ட்ராலை எடுத்து லாரியில் போடுகிறார். லாரியிலிருந்த டிரைகிளிசரைடை எச்.டி.எல்.-இன் தலையில் கட்டுகிறார்.

இதில் முதல் நஷ்டம் உடனே தெரியும். பரிசோதனைக் கூடம் அளப்பது எச்.டி.எல். உருண்டைகள் எத்தனை என்பதை அல்ல, அவை எவ்வளவு நன்றாக வேலை செய்கின்றன என்பதையும் அல்ல. அவற்றுக்குள் இருக்கும் கொலஸ்ட்ராலின் அளவை மட்டுமே. கொலஸ்ட்ரால் கைமாறிப் போனதும் தாளில் எண் இறங்கிவிடுகிறது.

இரண்டாவது நஷ்டம் இன்னும் பெரியது. டிரைகிளிசரைடு ஏறிய எச்.டி.எல். கல்லீரலுக்கு வரும்போது அங்குள்ள லைப்பேஸ் என்ற நொதி அந்த டிரைகிளிசரைடை வெட்டி எடுக்கிறது. உள்ளே இருந்த கொலஸ்ட்ராலும் போயிற்று, அதற்குப் பதிலாக வந்ததும் போயிற்று. காற்று இறங்கிய பந்தைப்போல உருண்டை சுருங்குகிறது. சுருங்கிய உருண்டையில் ஏப்போ ஏ-1 உறுதியாக ஒட்டிக்கொண்டிருக்க முடியாமல் கழன்று விழுகிறது. கழன்ற புரதம் மிகச் சிறியதாகையால் சிறுநீரகம் அதை வடிகட்டிச் சிதைத்துவிடுகிறது. சாதாரணமாக நாலைந்து நாள் இரத்தத்தில் நிலைத்திருக்க வேண்டிய புரதம் அதற்கு முன்னதாகவே அழிந்துபோகிறது. கல்லீரல் புதிதாக உண்டாக்கினாலும் ஈடுகட்ட முடிவதில்லை.

லாரிகள் ஒழுங்காகச் சரக்கை இறக்கும்போது அவற்றின் உறையிலிருந்து கழன்று வரும் துண்டுகள் எச்.டி.எல்.-க்கு மூலப்பொருளாகின்றன. இன்சுலின் சரியாக வேலை செய்யாத சரீரத்தில் இறக்கும் வேலை மந்தமாகிறது. மூலப்பொருளின் வரத்தும் குறைகிறது.

இதே தரகர் எல்.டி.எல்.-ஐயும் விட்டுவைப்பதில்லை. அதுவும் தன் கொலஸ்ட்ராலைக் கொடுத்து, டிரைகிளிசரைடை வாங்கி, பின்பு சுருங்கிச் சிறிய, கெட்டியான உருண்டையாகிறது. ஒவ்வொரு உருண்டையிலும் கொலஸ்ட்ரால் குறைவு என்பதால், உருண்டைகள் ஏராளமாக இருந்தாலும் தாளில் 94 என்றே வரும். குழாய்ச் சுவருக்குள் நுழைந்து கேடு செய்வது உருண்டைகளின் எண்ணிக்கை. எனவேதான் அது பொய்யான நிம்மதி என்றேன்.

இதைக் கண்டுகொள்ள ஒரு சுலபக் கணக்கு இருக்கிறது. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.-ஐக் கழியுங்கள். நம் உதாரணத்தில் 178-இல் 31 போக 147. இதை ‘நான்-எச்.டி.எல்.’ என்பார்கள். கேடு செய்யக்கூடிய எல்லா வண்டிகளின் கொலஸ்ட்ராலும் இதில் அடங்கும். இது 130-க்குள் இருப்பது நலம். சர்க்கரை வியாதியோ இருதய நோயோ உள்ளவர்களுக்கு இன்னும் கீழே இருக்க வேண்டும். அப்படியானால் அந்தச் சகோதரரின் தாள் நல்ல தாள் அல்ல.

நம் ஜனங்களின் கணக்கு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2014-இல் வெளியானது. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் எடுத்த கணக்கு அது. நாம் புறப்பட்டு வந்த மாநிலமும், நம்மில் அநேகர் குடியேறியிருக்கும் மாநிலமும் அதில் இருக்கின்றன. பரிசோதிக்கப்பட்டவர்களில் 72.3 சதவீதம் பேருக்கு எச்.டி.எல். குறைவு. 29.5 சதவீதம் பேருக்கு டிரைகிளிசரைடு அதிகம். எல்.டி.எல். அதிகமாக இருந்ததோ 11.8 சதவீதம் பேருக்குத்தான்.

இந்த எண்களைப் பார்த்ததும் கூர்மையான வாசகர் ஒரு கேள்வி கேட்பார். 72 பேருக்கு நல்ல கொழுப்பு குறைவு, 29 பேருக்குத்தான் டிரைகிளிசரைடு அதிகம் என்றால் மீதிப் பேருக்கு என்ன காரணம்? நியாயமான கேள்வி. பரம்பரை ஒரு காரணம், சரீர உழைப்பின்மை ஒரு காரணம், புகைப் பழக்கம் ஒரு காரணம். மேலும் 150 என்பது மருத்துவர்கள் வசதிக்காகப் போட்ட கோடு. தரகர் 149 வரை தூங்கிக்கொண்டிருந்து 150-இல் விழித்தெழுவதில்லை. ஆகிலும் எல்லாக் குறைவையும் டிரைகிளிசரைடின் தலையில் போட முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டும் சேர்ந்து வரும் தாளைப் பற்றியே இங்கே பேசுகிறோம்.

எண்ணை மட்டும் உயர்த்தினால் போதுமா?

இதற்குப் பதில் அறிய உலகம் பெரிய விலை கொடுத்திருக்கிறது. தரகரைக் கட்டிப்போட்டால் எச்.டி.எல். ஏறுமல்லவா? அப்படியே டார்செட்ராபிப் என்ற மருந்தைக் கண்டுபிடித்தார்கள். சுமார் 15,000 பேர் சேர்ந்த ஆய்வில் எச்.டி.எல். 72 சதவீதம் உயர்ந்தது. தாளில் பார்த்தால் அற்புதம். ஆனால் அந்த மருந்தை உட்கொண்டவர்களில் 93 பேர் மரித்தார்கள். உட்கொள்ளாத பிரிவில் 59 பேர். 2006 டிசம்பரில் ஆய்வையே நிறுத்திவிட்டார்கள். நியாசின் என்ற வைட்டமின் மருந்தும் எச்.டி.எல்.-ஐ உயர்த்தும் என்று வெகுகாலம் கொடுக்கப்பட்டது. 2011-இலும் 2014-இலும் வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகளில், ஸ்டாட்டின் மாத்திரையோடு அதைச் சேர்த்துக் கொடுத்ததால் மாரடைப்பு குறையவில்லை என்று தெரிந்தது.

இத்தாலியில் கார்டா ஏரிக்கரையில் லிமோனே என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே சில குடும்பங்களில் ஏப்போ ஏ-1 புரதம் பிறவியிலேயே சற்று மாறி அமைந்திருப்பதை மிலான் நகர விஞ்ஞானிகள் கண்டுபிடித்து 1980-இல் எழுதினார்கள். அவர்களுக்கு எச்.டி.எல். மிகவும் குறைவு, டிரைகிளிசரைடும் அதிகம். ஆயினும் அதற்கேற்ப இருதய நோய் அவர்களிடம் பெருகியிருக்கவில்லை. இதை வைத்து, ‘எனக்கும் 31 இருந்தால் பரவாயில்லை’ என்று யாரும் எண்ண வேண்டாம். அவர்களுடைய புரதம் வேறு, நம்முடையது வேறு. தாளிலுள்ள எண் வேறு, அந்த உருண்டை செய்யும் வேலை வேறு என்பதை அந்தச் சிற்றூர் காட்டியது, அவ்வளவே.

அப்படியானால் டிரைகிளிசரைடை மாத்திரையால் இறக்கிவிடலாமே என்பீர்கள். அதையும் பார்த்துவிட்டார்கள். டிரைகிளிசரைடு அதிகமாகவும் எச்.டி.எல். குறைவாகவும் இருந்த 10,000-க்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளுக்கு பெமாஃபைப்ரேட் என்ற மருந்தைக் கொடுத்த ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. டிரைகிளிசரைடு ஏறக்குறைய கால்பங்கு இறங்கியது. மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. ஏனென்றால் டிரைகிளிசரைடும்கூட நெருப்பு அல்ல, புகை. நெருப்பு எரிவது தொப்பையிலும், கொழுப்பு படிந்த கல்லீரலிலும், இன்சுலினுக்குச் செவிகொடுக்காத தசைகளிலும்.

நெருப்பு மூட்டுவது எது?

கிராமத்தில் வயலில் நின்ற அதே சரீரம்தான் இன்று தாராவியில் தையல் மெஷினுக்கு முன்பாகவும், பெங்களூரில் கம்ப்யூட்டருக்கு முன்பாகவும், டெல்லியில் டாக்சி இருக்கையிலும் பத்து மணி நேரம் உட்கார்ந்திருக்கிறது. தட்டிலுள்ள சோறு மட்டும் குறையவில்லை. காலையில் பாவும் டீயும், மத்தியானம் சோறு, சாயங்காலம் வடா பாவ், இரவில் மறுபடியும் சோறு. மைதாவும் அரிசியும் சர்க்கரையும் தேவைக்கு மிஞ்சி வரும்போது கல்லீரல் அவற்றைக் கொழுப்பாக்கி லாரியில் ஏற்றி அனுப்பிக்கொண்டேயிருக்கிறது. டிரைகிளிசரைடு ஏறுவது எண்ணெயினால் மட்டும் என்று நினைக்கிறவர்கள் அநேகர். நம் வீடுகளில் அதைவிடச் சோற்றுப் பானைக்கும் சர்க்கரை டப்பாவுக்கும் பங்கு அதிகம்.

டீயைக் கணக்குப் பாருங்கள். இரண்டு ஸ்பூன் சர்க்கரை ஏறக்குறைய பத்து கிராம். நாளொன்றுக்கு ஐந்து டீ என்றால் ஐம்பது கிராம். 2,000 கலோரி உண்ணும் ஒருவருக்கு உலக சுகாதார நிறுவனம் 2015-இல் விதித்த சேர்க்கைச் சர்க்கரையின் உச்ச வரம்பே அவ்வளவுதான். அதிலும் பாதியாக்குவது நல்லது என்றது. ஒரு பிஸ்கட்டைத் தொடுமுன்பே வரம்பு முடிந்துபோகிறது.

சோற்றை விட்டுவிடச் சொல்லவில்லை. பாதியாக்கி, அந்த இடத்தில் காய்கறியும் பருப்பும் வையுங்கள். கடலோரத்திலிருந்து வந்தவர்களுக்கு மீனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நம் அயிலை மும்பைச் சந்தையில் பாங்கடா, சாளை அங்கே தார்லி, விலையும் அதிகமில்லை. குழம்பாக வையுங்கள், எண்ணெயில் பொரிக்காதீர்கள். பழச்சாறு வேண்டாம், பழமாகவே உண்ணுங்கள். வனஸ்பதியில் செய்த பண்டங்களிலுள்ள டிரான்ஸ் கொழுப்பு எச்.டி.எல்.-ஐக் குறைக்கும். 2022 ஜனவரி முதல் அதற்கு 2 சதவீத வரம்பை அரசு விதித்திருக்கிறது. தெருவோரக் கடாயில் திரும்பத் திரும்பக் காயும் எண்ணெயை யார் அளக்கப்போகிறார்கள்?

மதுபானம் நல்ல கொழுப்பைக் கூட்டும் என்று சிலர் சொல்வார்கள். எண்ணைக் கூட்டும் என்பது உண்மை. எண் கூடுவதால் மட்டும் பயனில்லை என்பதை மேலே பார்த்தோம். டிரைகிளிசரைடையும் சேர்த்தே அது ஏற்றும். தீமோத்தேயுவுக்குப் பவுல் சொன்ன ஆலோசனையை இதற்குச் சாட்சியாக இழுக்க வேண்டாம். அது லிப்பிட் புரொஃபைலைப் பார்த்து எழுதப்பட்டதல்ல.

நடையைப்போல் மலிவான மருந்து இல்லை. வேகமாக நடந்த தசை, லாரியிலுள்ள சரக்கை இறக்கும் நொதியை அதிகமாக உண்டாக்குகிறது. ஒரு நாள் நடையின் பலன் மறுநாள் சாப்பாட்டுக்குப் பின்னும் இரத்தத்தில் தெரியும். வாரத்துக்கு 150 நிமிடம் போதும். ஒரு ஸ்டேஷன் முன்னதாக இறங்கி நடக்கலாம். சரீர எடையில் ஐந்து முதல் பத்து சதவீதம் குறைந்தால் டிரைகிளிசரைடு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இறங்கக்கூடும். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்களுக்கு 80-க்குள்ளும் இருப்பது நம் இனத்தாருக்குரிய அளவு. தையற்காரரின் டேப் இல்லாத தமிழ் வீடு உண்டோ?

விசுவாசமும் மாத்திரையும்

இதை மறைக்காமல் எழுத வேண்டியிருக்கிறது. ‘விசுவாசத்தோடு மாத்திரையை நிறுத்திவிட்டேன்’ என்று சாட்சி சொல்லும்போது சபை கைதட்டுகிறது. கர்த்தர் சுகமாக்குகிறவர் என்பதில் நமக்குள் வேறு கருத்தில்லை. ஆனால் குஷ்டரோகிகள் பத்துப் பேரை ஆண்டவர் ஆசாரியர்களிடத்தில் போய்க் காண்பிக்கச் சொல்லவில்லையா (லூக்கா 17)? சுகத்தைச் சோதித்துப் பார்க்க நியமிக்கப்பட்டவர்கள் அவர்களே. அதைப்போல, சுகமாயிற்று என்று விசுவாசிக்கிறவர் இரத்தத்தைப் பரிசோதித்துப் பார்க்க ஏன் அஞ்ச வேண்டும்? எசேக்கியா ராஜாவுக்கு ஜெபத்தின் பதிலும் கிடைத்தது, அத்திப்பழ அடையும் பற்றுப் போடப்பட்டது (2 இராஜாக்கள் 20). டிரைகிளிசரைடு 300 இருந்தாலும் சரீரத்தில் வலியோ சோர்வோ தெரியாது. ஆகவே ‘எனக்கு நன்றாக இருக்கிறது’ என்பது இவ்விஷயத்தில் அத்தாட்சி ஆகாது. நாற்பது வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகளுக்கு எல்.டி.எல். குறைவாக இருந்தாலும் ஸ்டாட்டின் கொடுப்பதற்குக் காரணம் உண்டு, கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

உபவாச நாட்களிலும் கவனம் தேவை. சர்க்கரைக்கு இன்சுலினோ, கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் நீண்ட உபவாசம் இருந்தால் சர்க்கரை திடீரென இறங்கி மயங்கி விழ நேரிடும். உபவாசத்தை முடிக்கும்போது சர்பத்தும் கேசரியும் பரிமாறுவது நம் வழக்கமாகிவிட்டது. மோரும் சுண்டலும் கொடுத்தால் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள்.

டிரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினால் விஷயமே வேறு. அங்கே கணையத்துக்கே ஆபத்து. மேல்வயிற்றில் கடும் வலி உண்டாகி முதுகுவரை பரவி, வாந்தியும் சேர்ந்தால், போதகரை ஆஸ்பத்திரிக்கு வந்து ஜெபிக்கச் சொல்லுங்கள்; அவர் வீட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த அளவில் டிரைகிளிசரைடை இறக்கும் மாத்திரை அவசியமே.

அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது

டிரைகிளிசரைடு அதிகமென்று ஒருமுறை வந்துவிட்டால், மறுமுறை பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து கொடுங்கள், தண்ணீர் குடிக்கலாம். முழு இரவு ஜெபத்தில் இரண்டு முறை டீ குடித்துவிட்டு விடிந்ததும் நேரே பரிசோதனைக் கூடத்துக்குப் போவது கணக்கில் சேராது. காய்ச்சல் வந்த நாட்களில் டிரைகிளிசரைடு ஏறியும் எச்.டி.எல். இறங்கியும் காட்டும், குணமாகிச் சில வாரம் கழித்துக் கொடுங்கள். கர்ப்பிணிகளுக்கு டிரைகிளிசரைடு இரண்டு மூன்று மடங்கு ஏறுவது இயல்பு. தைராய்டு குறைபாடு, சிறுநீரக நோய், ஸ்டீராய்டு மாத்திரை ஆகியவையும் அதை ஏற்றும் என்பதால் மருத்துவர் கேட்குமுன்பே சொல்லிவிடுங்கள்.

அநேக தாள்களில் எல்.டி.எல். நேரடியாக அளக்கப்படுவதில்லை. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐயும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போடுவது 1972-இல் வந்த வழக்கம். உதாரணத் தாளில் 178-இல் 31-உம் 53-உம் போக 94. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது, அப்போது எல்.டி.எல்.-ஐ நேரடியாக அளக்கச் சொல்லுங்கள்.

உணவையும் நடையையும் மாற்றி இரண்டு மூன்று மாதம் கழித்துத் தாளைப் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். எடை இறங்கிக்கொண்டிருக்கும் வாரங்களில் எச்.டி.எல். ஏறாதது மட்டுமல்ல, சிலருக்குச் சற்று இறங்கவும் செய்யும். எடை ஓரிடத்தில் நிலைத்து நின்ற பிறகே அது மெதுவாக ஏறத் தொடங்கும். அதுவும் மூன்று நான்கு எண்கள்தான். 31 என்பது 30 ஆகிவிட்டதே என்று கலங்காமல், டிரைகிளிசரைடு வரியில் 265 எவ்வளவாயிற்று, கழித்துப் பார்த்தால் 147 எவ்வளவாயிற்று என்ற இரண்டையும் முதலில் பாருங்கள். பழைய தாளையும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.